சவுண்ட்பாரும் ஒரு சொல்லும்

அவள் சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பவள். கணவர் தகரம் அழுத்தும் பட்டறையில் மெஷின் ஓட்டுபவர். இருபது வருடமாக இரைச்சலுக்கு நடுவில்தான் பிழைப்பு. வீட்டில் அவர் டிவியை அலறவிட, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தரம் வந்து கதவைத் தட்டிவிட்டார். மானம் போகிறதே, பேச்சு தெளிவாகக் கேட்டால் சத்தத்தைக் குறைத்து வைப்பார் என்று, அவள் டிவியோடு இணைக்கும் சவுண்ட்பார் ஒலிபெருக்கி வாங்கப் போனாள்.

கடைக்காரர் ஒளிவுமறைவு இல்லாதவர். "சின்னதும்மா, டிவிக்கு அடியிலேயே அடங்கிடும். பேச்சு தெளிவா கேக்கும். ஆனா தியேட்டர் மாதிரி அதிரும்னு நினைக்காதீங்க, இதுல தனி பேஸ் பெட்டி கிடையாது."

"பேச்சு கேட்டாப் போதுங்க."

மாட்டியதும் செய்தி வாசிப்பவர் மூச்சு விடுவதுகூட அவளுக்குக் கேட்டது. கணவரோ ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனார். சவுண்ட்பார் கரகரத்தது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"தெருவுக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா? சுத்தச் செவிடாப் போயிட்டீங்களா?"

வந்திருந்த அண்ணி சிரித்தாள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அவர் முகம் செத்துப்போயிற்று. சத்தத்தைக் குறைத்தவர், அதன்பிறகு கூட்டவே இல்லை. வாங்கியது வீண்போகவில்லை என்று அவள் நிம்மதியானாள்.

ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது, அவர் டிவி முன்னால் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் துளிச் சத்தமில்லை. மகள் செல்போனில் பாட்டுக் கேட்பதற்காகச் சவுண்ட்பாரை ப்ளூடூத்துக்கு மாற்றி, அப்படியே விட்டுப் போயிருந்தாள். அப்படி மாற்றினால் டிவி சத்தம் அதில் வராது.

தோளைத் தொட்டாள். திடுக்கிட்டுத் திரும்பி, "நல்லா கேக்குது, நல்லா கேக்குது" என்றார். மறுநாளே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"இடது காது போயிடுச்சும்மா. சீழ் வச்சு உள்ளே அரிச்சிருக்கு. முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். பட்டறை இரைச்சலில் மங்கியிருந்த வலது காதுக்கு மட்டும் காது மெஷின் எழுதிக் கொடுத்தார்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்று அந்த வலது காதருகே அழுதாள்.

"அன்னைக்குச் சொல்லத்தான் இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க. அப்புறம் சீழ் வடிஞ்சதைப் பஞ்சு வச்சு மறைச்சுட்டேன்."

மறுவாரம் சலவைக்கூடத்தில் ஒருத்தி கேட்டாள்: "உங்க வீட்டுக்காரருக்குச் செவிட்டு மெஷினாமே?"

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கண்ணு மங்கினா கண்ணாடி போடறோம், யாரும் சிரிக்கறதில்ல. காது மங்கினா மட்டும் ஏன் சிரிக்கறோம்? என் சிரிப்புதான் அவரோட ஒரு காதைத் தின்னுடுச்சு. உங்க வீட்டுல யாருக்காவது கேக்கலைன்னா கேலி பண்ணாதீங்க. கையோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."