ரோமில் மூன்று நாள், வெனிஸில் ஒரு நாள்

குமரவேல் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பும்வரை பல் துலக்கினான். பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றிக் காய்ச்சினான். காபி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். படியேறிப் போகும் மலைக்கோயிலில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்ததும் ஜன்னலைச் சாத்தினான். பிறகு மேஜைமேல் ஃபைலைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்துச் சரிபார்த்தான்.

விசா விண்ணப்பம். கல்லூரி கொடுத்த விடுப்புக் கடிதம். விமான டிக்கெட். ஹோட்டல் பதிவுகள். ரோமில் மூன்று நாள், புளோரன்ஸில் இரண்டு, வெனிஸில் ஒன்று. ஏப்ரல் இரண்டாம் வாரம். அந்த ஊர்களில் அப்போது வசந்தம். குளிரும் போயிருக்கும், கூட்டமும் வந்திருக்காது என்று அவன் மனைவி புவனா தேடிப் பிடித்த வாரம் அது. ஆர்.கே.பேட்டைப் பள்ளியில் ஆறு வருஷம் வரலாறு நடத்தியவள். பார்க்காத ஊரைப் பற்றிப் பிள்ளைகளிடம் இன்னும் எத்தனை வருஷம் கதை விடுவது என்று கேட்பாள். எந்த ரயில், எந்த வாசலில் வரிசை குறைவு, எந்தத் திங்கட்கிழமை எந்த அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதுவரை எழுதி வைத்திருந்தாள். குமரவேல் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. எத்தனை பேர் என்று கேட்ட இடத்திலெல்லாம் இரண்டை அழித்து ஒன்று என்று போட்டான்.

சென்னையில் விசா அலுவலகத்துக்கு இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இதை விட்டால் அடுத்த தேதி மே மாதத்தில்தான். கடைசியாகப் பாஸ்போர்ட்டைத் தேடினான். நகல் இருந்தது. அசல் இல்லை.

எங்கே இருக்கிறது என்பது நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. பீரோ லாக்கரில். பீரோ இந்த வீட்டில் இல்லை.

பிள்ளை பெறாமல் செத்துப்போன பெண்ணின் சீரைப் பிறந்த வீட்டுக்கே திருப்பிவிடுவது அவர்கள் வழக்கம். அக்டோபரில், கருமாதி முடிந்த மறுநாள், சின்ன யானை என்கிற சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. கட்டில், கிரைண்டர், பித்தளைப் பாத்திரங்கள், பீரோ. 'உள்ள உங்க சாமான் ஏதாச்சும் கீதுங்களா மாப்ள?' என்று மாமனார் கேட்டார். இல்லை என்று சொல்லி, குமரவேலே ஒரு பக்கம் தூக்கிவிட்டான்.

பத்தே முக்கால் ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஸ்கூட்டரை எடுத்தான்.

அம்மையார்குப்பத்துக்குள் நுழைந்தபோது மணி எட்டேகால். வீட்டின் முன்பக்கம் மாமனார் பஞ்சாட்சரத்தின் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. புவனாவின் தங்கை தீபா வாசலுக்கு வந்தாள்.

"இன்னா பாவா, சொல்லாம கொள்ளாம? அம்மா, பாவா வந்துகீறாரு பாரு!"

மாமியார் ஜெயம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்க மாப்ள. டிபன் சாப்டுங்க."

"இல்ல அத்தை, அவசரம். பீரோ லாக்கர்ல என் பாஸ்போர்ட்டு இருக்குது. எடுத்துகினு உடனே கெளம்பணும்."

"பாஸ்போர்ட்டு எதுக்கு?"

அவனுக்குப் பொய் எதுவும் தயாராக இல்லை. "இத்தாலிக்குப் போறேன். ஏப்ரல்ல. விசாவுக்கு இன்னைக்குத்தான் தேதி."

தறிச் சத்தத்தை மீறி அது பஞ்சாட்சரத்தின் காதில் விழுந்துவிட்டது. "இத்தாலிக்கா?" என்று உள்ளிருந்தபடியே கத்தினார். "நாலு நாள் லீவு கெடச்சா திருப்பதிக்குப் போவாங்க. மாப்ள இத்தாலிக்குப் போறாராம்!"

"அங்க போயி போட்டோ புடிச்சி ஸ்டேட்டஸ் வெப்பீங்களா பாவா?" என்றாள் தீபா. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

ஜெயம்மாளின் முகம் மாறவேயில்லை. "கூட யாரு வராங்க?"

"யாரும் இல்ல."

"தனியா யாராச்சும் ஊர் சுத்திப் பாக்கப் போவாங்களா? பொண்ணு கிண்ணு பாத்துட்டாங்களா உங்க வீட்ல? இருந்தா சொல்லுங்க. நாங்க இன்னா கைய புடிச்சா நிறுத்தப் போறோம்?"

"அத்தை, அது அவ போட்ட பிளான். ரெண்டு பேருக்கும் போட்டா. நான் ஒண்ணும் மாத்தல."

"அவளே இல்ல. பிளான் எதுக்கு?"

குமரவேல் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு ஐம்பது. "சாவிய குடுங்க அத்தை."

சாவி அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. அவள் கை தானாக அதன்மேல் போய் மூடிக்கொண்டது.

"இன்னும் வருஷம் திரும்பல. இந்த வூட்ல நாங்க ஒரு கோயில் வாசப்படி மிதிக்கல, ஒரு கல்யாணத்துக்குப் போவல. நாலே மாசம் ஆவுது. நீங்க கடல் தாண்டிப் போறேன்றீங்க. இத யாருகிட்ட போயி நான் சொல்றது?"

"யாருகிட்டயும் சொல்ல வேணாம்."

"உயிர் போற நேரத்துல அவ இத்தாலியவா கேட்டா?" ஜெயம்மாளின் குரல் ஏறியது. "அம்மா எங்க, அம்மா எங்கன்னு என்னத்தான கேட்டா? நீங்கதான சொன்னீங்க! என் பொண்ணு பெத்தவள தேடிகினே போச்சி. நீங்க இன்னாடான்னா அவ பேரச் சொல்லி ஊரு சுத்தப் போறீங்க."

அவன்தான் சொன்னான். காய்ச்சல் நுரையீரலுக்குப் போய், புவனாவைச் சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள். ஜெயம்மாள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நடையிலேயே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, 'என்னைக் கேட்டாளா? என்னைக் கேட்டாளா மாப்ள?' என்றாள். 'ஆங், கேட்டா' என்றான். அந்த நேரத்தில் அவள் எதைக் கேட்டிருந்தாலும் ஆங் என்றுதான் சொல்லியிருப்பான். பதினாறு நாளும் வந்தவர்கள் போனவர்கள் எல்லோரிடமும் ஜெயம்மாள் அதைச் சொல்லி அழுதாள். பிறகு அழாமல் சொல்லப் பழகினாள். அவள் எழுந்து சமைப்பதும் தறிக்குத் தார் நூல் சுற்றுவதும் அந்த ஒரு வார்த்தையின் பலத்தில்தான் என்று தீபா ஒருமுறை போனில் சொல்லியிருந்தாள்.

இப்போதும் வழி இருந்தது. 'போய்ட்டு வரச் சொன்னா அத்தை' என்று இன்னொன்றைச் சேர்த்தால் போதும். சாவி கைக்கு வந்துவிடும். வாய்வரை வந்தது.

"அவ உங்கள கேக்கல அத்தை."

"பாவா, வேணாம்" என்றாள் தீபா.

"நீங்க நின்ன கோலத்தப் பாத்து நானா சொன்னேன். அவ கேக்கல."

தறி நின்றது. பஞ்சாட்சரம் கதவருகே வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். தெருவில் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஜெயம்மாள் அடிப்பாள் என்றே குமரவேல் நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இன்னும் இறுகியது. தீபா கைகொடுக்கப் போனாள். தள்ளிவிட்டு, பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பி வர நேரமாயிற்று.

இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அதை அவன் கண்ணெதிரே உருவினாள். ஒன்றைப் பிரித்துப் படத்தைப் பார்த்து, உடனே மூடினாள். மற்றதை அவன் பக்கமாக நாற்காலியின்மேல் போட்டாள்.

"எடுத்துகினு போங்க."

எடுத்துக்கொண்டான். மாமனாரிடம் வரேன் மாமா என்றான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்கூட்டரைக் கிளப்பியபோது ஒன்பது இருபத்தைந்து. இப்போது புறப்பட்டால் ரயில் கிடைத்துவிடும்.

"நில்லுங்க."

ஜெயம்மாள் செருப்பில்லாமல் தெருவுக்கு வந்திருந்தாள். புவனாவின் பாஸ்போர்ட் இன்னும் அவள் கையில் இருந்தது.

"என்னைக் கேக்கல. சரி. அப்ப இன்னாதான் சொன்னா? அதையாச்சும் நெசமா சொல்லிட்டுப் போங்க."

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல அத்தை."

"எனக்குப் பெரிசு வேணாம். அவ சொன்னது வேணும்."

குமரவேல் வண்டியை அணைத்தான். தீபா வாசற்படியில் வந்து நின்றாள்.

"மூச்சுக்கு மிஷின் வெக்கறதுக்கு முன்னாடி போன்ல பிளானத்தான் பாத்துகினு இருந்தா. நர்சு போன குடுத்துடும்மான்னு கேட்டாங்க. என் கையில குடுத்தா. புளோரன்ஸ்ல பெரிய சர்ச்சு ஒண்ணு கீது, அதுக்கு உச்சிவரைக்கும் படி. அதப் பத்தி சொன்னா. அப்புறம் மாஸ்க் வெச்சிட்டாங்க. அதுக்கு மேல பேசல."

"அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் எங்கெங்கே நிறுத்தி மூச்சு வாங்கினாளோ அங்கங்கே நிறுத்திச் சொன்னான்.

"நானூத்தி அறுபத்தி மூணு படி. நம்ம மலைய விட ஜாஸ்தி. உங்களால ஆவாது. நீங்க கீழயே நில்லுங்க, நான் ஏறிட்டு வந்துடறேன்."