கிண்ணம் வைத்த முதுகு

1

இந்தக் கதை எனக்குக் குப்புறப் படுத்திருந்தபோது கிடைத்தது. கழுத்து பிடித்துக்கொண்டது என்று மசாஜ் செய்துகொள்ளப் போயிருந்தேன். முகம் பதிக்க ஓட்டை விட்ட மேசை. அதன் வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையும், மசாஜ்காரியின் ரப்பர் செருப்பும்தான். அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆகவே இந்தக் கதையில் யாருக்காவது கண் கலங்கினால், அது நானாகச் சேர்த்தது.

2

முதல் தொடக்கம்: ‘அவள் கைகளுக்கு அகப்படாத வலியே...’ வேண்டாம், விளம்பரப் பலகை மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: அவள் புருஷன் பஸ் டிரைவர். ஒருநாள் வேலை முடிந்து வந்தவன், தோள்பட்டைகளுக்கு நடுவே வலிக்கிறது என்று சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தான்.

“கொஞ்சம் பிடிச்சு விடேன். தாங்க முடியல.”

(புது ஆள் யார் வந்தாலும் கை வைப்பதற்கு முன் அவள் கேட்பாள்: கை மரத்துப் போகுதா? மூச்சு வாங்குதா? ஆமாம் என்றால் தொடவே மாட்டாள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள். ஆனால் இது தினமும் பார்க்கிற முதுகு. கட்டிய புருஷனிடம் யார் விசாரணை நடத்துவார்கள்?)

எண்ணெய் தடவி நன்றாகப் பிசைந்தாள். இறுக்கம் தளர்ந்ததும் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களை, உள்ளே ஒரு கணம் தீயைக் காட்டிவிட்டு, முதுகில் கவிழ்த்துவைத்தாள். உள்ளே காற்றில்லாததால் தோல் உப்பி மேலெழுந்தது. சற்று நேரத்தில் எடுத்தபோது கருஞ்சிவப்பாக வட்டங்கள்.

“அப்பாடா! டாக்டர்கிட்ட போகணும்னு நெனச்சேன். நீ இருக்கும்போது டாக்டர் எதுக்கு?”

காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். கிண்ணம் வைத்ததால் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். வலி குறையாமல் இருந்திருந்தால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான் என்பதை அவர் சொல்லவில்லை. அதை அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

3

அவனுடைய அம்மாவை முதலில் பொல்லாத மாமியாராகத்தான் எழுதினேன். வாயைத் திறந்தால் சாபம். எழுத்து நன்றாகவே வந்திருந்தது, அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்துப் போட்டேன். உண்மையில் அந்த அம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. மகனுக்குக் கடைசியாகச் சட்டை மாற்றும்போது முதுகைப் பார்த்தாள்.

“என்னம்மா இது, வட்டம் வட்டமா?”

“கிண்ணம் வச்சேன் அத்தை. ஒரு வாரத்துல மறைஞ்சிடும்.”

வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பதில். சொன்ன பிறகுதான் அவளுக்கு

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

அன்றிலிருந்து அத்தை பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே வீடு, ஒரே சமையலறை. உப்பு டப்பா வேண்டுமென்றால் கையை நீட்டுவாள், அவ்வளவுதான்.

4

சில மாதம் கழித்து அத்தை மசாஜ் நிலையத்துக்கே வந்தாள். மற்றவர்களோடு நாற்காலியில் காத்திருந்தாள். தன் முறை வந்ததும் உள்ளே போய், முதுகைத் திறந்து குப்புறப் படுத்தாள்.

“அவனுக்கு எங்க வலிச்சுது?”

மருமகள் விரலை வைத்துக் காட்டினாள்.

“எனக்கும் அங்கதான். அவனுக்கு வச்ச மாதிரியே வை.”

முடிவு (அ): வைக்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முடிவு (ஆ): முடியாது என்று வெளியே போய்விடுகிறாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

நடந்தது இதுதான். எடுத்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்:

“கை மரத்துப் போகுதா அத்தை? மூச்சு வாங்குதா?”

மேசைக்கு அடியிலிருந்து அத்தையின் குரல் வந்தது:

“இத அவன்கிட்ட கேட்டியா?”

இந்த இடத்தில் என் முதுகின் மேல் இருந்த கை நின்றுவிட்டது. நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ‘கேட்டேன்’ என்பது பொய். பெற்றவள் கொஞ்சமாவது தூங்குவாள். ‘கேக்கல’ என்பது உண்மை. அதைச் சொல்லிவிட்டு அதே வீட்டுக்குத்தான் இருவரும் திரும்பிப் போகவேண்டும்.

அந்த ஒரு சொல்லை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் விட்டால் ‘கேட்டேன்’ என்று எழுதிவிடுவேன்.