சலவை அறையில் பன்னிரண்டாம் வகுப்பு

அந்த வருடம் ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து வெள்ளம் வரும் என்று வட கனடாவில் கிரீ பழங்குடிகளான எங்கள் ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். விமானத்தில் ஏற்றி, தெற்கே ஒரு நகரத்து விடுதியில் இறக்கினார்கள். நான் ஊர்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிரீ மொழி சொல்லித் தருபவள். டெலிமா வபானோ பெரிய வகுப்புக்குக் கணக்கும் வேதியியலும் எடுப்பவள். அவளிடம் பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு பேர் இருந்தார்கள். அத்தனை பேர் அந்த வகுப்பை எட்டியது எங்கள் ஊரில் அதுவே முதல் தடவை.

நகரத்துப் பள்ளியில், “சேர்த்துக்கறோம், ஆனா பதினோராம் வகுப்புலதான்” என்றார்கள். டெலிமா பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தாள். மறுநாளே விடுதியின் சலவை அறையில் வகுப்பு தொடங்கியது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் வெள்ளைக் கதவுதான் கரும்பலகை.

“அத்தை, சூடு தாங்கல. பாடம் முடியறதுக்குள்ள நாங்களே காஞ்சிருவோம்” என்றான் அந்த ஆறு பேரில் ஒருவனான ரோடரிக்.

“புகை போட்ட வாத்துக்கறிக்குத்தாண்டா ருசி ஜாஸ்தி. கணக்கப் போடு.”

சில வாரங்களில் ரோடரிக் வருவதை நிறுத்திவிட்டான். டெலிமா போய் அவன் அறைக் கதவைத் தட்டினாள். நானும் கூட இருந்தேன்.

“ஊரே தண்ணில மெதக்குது. சர்டிபிகேட்ட வச்சு என்ன பண்ணச் சொல்றீங்க?” என்று உள்ளிருந்தே கேட்டான். அவள் சலவை அறைக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள் வகுப்பு நடக்கும்போது ஊரில் காவலுக்கு நின்றிருந்த அவள் தம்பியிடமிருந்து போன் வந்தது. பனிக்கட்டி மோதி அவள் வீட்டை அஸ்திவாரத்தோடு பெயர்த்துவிட்டதாம். போனை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டுவிட்டு, என் கையில் திருப்பித் தந்தாள். “எங்க விட்டோம்?” என்று பிள்ளைகளிடம் திரும்பினாள். எழுத்து கோணலாக வந்தது. குரல் மட்டும் பிசகவில்லை. பாடம் முடிந்து பிள்ளைகள் போன பிறகுதான், யாருடையதோ துவைத்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

“அம்மாவோட தையல் மெஷினும் போச்சுடி” என்றாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் எங்களுக்கு முன்பே ரோடரிக் அங்கே இருந்தான்.

“அத்தை, வீடு போச்சாமே.”

“ஆமாடா.”

“அப்பறமும் பாடம் எடுத்தீங்களாமே?”

“அஞ்சு பேரு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பின்ன என்ன பண்றது?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். அதன் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

கோடையில் ஊர் திரும்பினோம். ஆறு பேரும் தேறியிருந்தார்கள். ரோடரிக் வேதியியலில் மயிரிழையில் தப்பினான். சேற்று வாடை போகாத பள்ளிக்கூடத்தில் பட்டமளிப்பு நடந்தது. தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த டெலிமா உள்ளே நுழைந்ததும் ஊரே எழுந்து நின்றது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பாஸ் பண்ணது நானா? அதுங்களப் பாருங்க!”

அந்த இலையுதிர் காலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நாற்காலி போதவில்லை. என்னைக் கேட்காமலே என் சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளைத் தூக்கிப் போனாள். ஆறடிப் பையன்கள் முழங்கால் மோவாயை இடிக்க அதில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். என் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துக்கொண்டேன்.