தம்ளரும் குலுக்கியும்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் என் பல் கொட்டிப்போகட்டும் என்று சத்தியம் செய்வதுதான் முறை. பல் ஏற்கெனவே போய்விட்டதால் நாக்கின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அத்தனையும் உண்மை.

என் மனைவியின் தம்பி டவுன் பஸ் ஓட்டுகிறவன். ஊரில் அவனுக்குப் பேர் குலுக்கி. அவன் பஸ்ஸில் பாலோடு ஏறினால் வெண்ணெயோடு இறங்கலாம். பிரேக்கை மிதித்தால் பின்சீட்டுக்காரர் முன்சீட்டுக்கு வந்துவிடுவார். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மரியாதையாகத் திரும்பிப் போய்விடுவார். ஒருநாள் அவன் போட்ட பிரேக்கில் ஒரு அம்மாளின் பல்செட் கிளம்பிப் பறந்து, எதிரே நின்று கொட்டாவி விட்ட கண்டக்டர் வாயில் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் டிப்போ மேனேஜர் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்கு நானே உன் பஸ்ல வர்றேன். கையில ஒரு தம்ளர் தண்ணி, விளிம்பு வரைக்கும் இருக்கும். பஸ் கிளம்பி மறுபடி நிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு கீழ விழுந்தாலும் சாவியைக் குடுத்துட்டு நடையைக் கட்டு."

வேலை போனால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. பேயறைந்த மாதிரி வீட்டுக்கு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன். அவன் பெண்டாட்டி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வந்தீங்க? வேகத்துக்கும் தண்ணிக்கும் ஒரு பகையும் கிடையாது. எவ்வளவு வேகமா போனாலும் ஒரே சீரா போனா அது பாட்டுக்கு இருக்கும். வேகம் மாறும்போதுதான் தளும்பும். அந்த மாற்றம்தான் முடுக்கம்."

"அப்ப திரும்பும்போது?"

"அதே வேகத்துல திரும்பினாலும் திசை மாறுதில்ல? அதுவும் முடுக்கம்தான்."

என் மச்சினனிடம் ஒரு குணம் உண்டு. ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி.

மறுநாள் சாட்சிக்கு நானும் ஏறினேன். மேனேஜர் தம்ளரோடு முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. கிளம்பியதாக என்னிடம் சொன்னார்கள். ஒரு நத்தை எங்களை முந்திப் போகும்போது திரும்பி ஒரு பார்வை பார்த்தது. தாடி வளர்கிற மாதிரி வேகம் வளர்ந்தது. மழமழவென்று சவரம் செய்துகொண்டு ஏறிய மேனேஜருக்கு, பஸ் முழு வேகம் பிடித்தபோது மோவாய் சொரசொரவென்று ஆகிவிட்டது. தம்ளரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

பின்சீட்டில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். "எப்பப்பா வண்டியை எடுப்பீங்க?" என்று கத்தினார்.

"எடுத்து எவ்வளவோ நேரமாச்சு," என்றார் கண்டக்டர்.

"யார் காதுல பூ சுத்தறீங்க? ஊசியில நூல் கோத்துட்டு இருக்கேன், கை அசையல. இது ஓடற பஸ்ஸா?"

ஸ்டாப் வந்தது. நிறுத்தினால் வேகம் மாறுமே! மச்சினன் தலையை வெளியே நீட்டி, "நிக்காது! பஸ்ஸுக்குச் சமமா ஓடுங்க, நின்ன மாதிரிதான் இருக்கும்!" என்றான். ஓடிப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. அவர்கள் பக்கத்தில் பஸ் ஆடாமல் நின்றது, தரைதான் போய்க்கொண்டிருந்தது. ஒரு அம்மாள் ஓடிக்கொண்டே கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போட்டு, "உங்க பஸ்ஸே வேணாம், போங்கய்யா!" என்று அதே ஓட்டத்தில் வீடு போய்ச் சேர்ந்தார்.

கடைத்தெரு முடியும் இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

"அத்தான், திரும்பினா வேலை போச்சு," என்றான் மச்சினன்.

"திரும்பாட்டா?"

"திரும்பாட்டா நேரா போகலாம்."

நேரே ஒரு கட்டில் கடை. நல்லவேளை, முன்கதவும் பின்கதவும் திறந்திருந்தன. படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி காலை மடக்கி வழி விட்டார்கள். கடைக்காரர் மட்டும், "சும்மா பார்க்கத்தான் வந்தீங்களா, வாங்கற உத்தேசம் ஏதும் இருக்கா?" என்று பின்னாலேயே வந்தார். அடுத்து ஒரு வீட்டுக் கூடம். "இப்பத்தானே தரையைத் துடைச்சேன், டயரைத் துடைச்சிட்டு வரக் கூடாதா?" என்று அந்த வீட்டு அம்மா துடைப்பத்தோடு கொல்லைவரை துரத்தினார்.

கொல்லையைத் தாண்டினால் ஏரி. அலையடித்துக்கொண்டு, ஏரி முழுக்கத் தண்ணீர்.

"நிறுத்துய்யா!" என்றார் மேனேஜர்.

"கிளம்பின மாதிரியே மெல்ல நிறுத்தினா ஏரிக்கு அந்தக் கரையிலதான் சார் நிக்கும். சட்டுனு நிறுத்தினா உங்க கையில இருக்கறது சிந்திடும். எனக்கு வேலை போயிடும்."

"உன் வேலை போனா போகுது, என் உசுருய்யா!"

"உங்களுக்கு உசுரு, சார். எனக்கு வேலை."

மேனேஜர் ஏரியைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். ஒரே மூச்சில் மடக் மடக்கென்று குடித்துவிட்டுக் காலித் தம்ளரைத் தூக்கிக் காட்டினார். "இப்ப மிதிடா!"

மிதித்தான். பிறவிக் குலுக்கி அல்லவா! பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முன்கண்ணாடி ஓரமாகக் குவிந்தோம். ஏரியை எட்டிப் பார்த்தபடி பஸ் நின்றது. பின்சீட்டிலிருந்து பறந்து வந்து மேனேஜர் மடியில் உட்கார்ந்த தையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அப்பாடா, ஒருவழியா கிளம்பிட்டான்!" என்றார்.

மச்சினன் இறங்கி வந்து மேனேஜரின் காலடியில் குனிந்து தடவிப் பார்த்தான். "சார், தரை காய்ஞ்சு கிடக்கு. ஒரு சொட்டு விழல."

மேனேஜர் வாயைத் திறந்தார். தண்ணீர் எங்கே போயிற்று என்று டிப்போவில் அவர்தானே எழுதித் தர வேண்டும்? மூடிக்கொண்டார். இன்றைக்கும் அதே பஸ்ஸை அவன்தான் ஓட்டுகிறான்.

என் மனைவி அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.