நனையக் கூடாத கருவி

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் ஈஜிபுராக் கால்வாயின் சேறு முழுக்கச் சொன்னவன் வாயில் விழட்டும்.

சொர்ணம் முழங்கால் சேற்றில் நின்று கொக்கியால் குப்பையை இழுத்துக்கொண்டிருந்தாள். அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கார் ஏறும் ரேம்ப், கால்வாயின் வாயில் பாதியை அடைத்துக் கிடந்தது. அதற்கப்பால் கொக்கி போகாது.

பேரிடர்த் திட்டத்து லவினா கரையிலிருந்தே படத்தை விரித்துக் காட்டினாள். ஏரி, கால்வாய், சாலை, மக்கள் என்று வட்டங்கள். நடுவே அம்புகள்.

"எல்லாமே ஒண்ணோட ஒண்ணு கனெக்‌ஷன்க்கா. ஒண்ணத் தொட்டா எல்லாம் ஆடும்."

"இதுல இந்த ரேம்ப் எங்க மேடம்?"

"அது பிரைவேட். எங்க சிஸ்டத்துக்கு வெளிய வருது."

"அது தண்ணிக்குத் தெரியுமா?"

லவினா அதை 'மக்கள் கருத்து' என்று எழுதிக்கொண்டாள்.

தண்ணீர் ஏறினால் சைரன் அடிக்கும் கருவி ஒன்றும் வந்தது. கால்வாயில் வைத்தால் நனைந்து கெட்டுவிடும் என்று குடியிருப்பின் மொட்டைமாடியில் பொருத்தி, மேலே குடையும் கட்டினார்கள்.

சொர்ணத்தின் புருஷன் இராஜமாணிக்கம் கால் உடைந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். "நீ வேலைக்குப் போக்கா. சைரன் அடிச்சதும் மாமாவத் தூக்கிட்டு ஓடிருவேன்" என்றான் பக்கத்து வீட்டுக் கிளெமென்ட்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. ரேம்பில் முட்டிய தண்ணீர் சொர்ணத்தின் தெருவுக்குள் திரும்பியது. கிளெமென்ட் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் சைரனுக்காகக் காத்திருந்தான். செருப்பு மிதந்து போனது. அப்போதும் காத்திருந்தான்.

இராஜமாணிக்கத்தோடு கட்டில் கிளம்பியது. மெயின் ரோடு ஏறி அடுகோடிப் பக்கம் போயிற்று. சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சைக்குப் புறப்பட்டது. ஹெல்மெட் போடவில்லையென்று போலீஸ்காரர் போட்டோ எடுத்தார். பிறகு, படத்து அம்புகளைப் படித்ததுபோல வளைந்து திரும்பி, அதே ரேம்பில் வந்து இடித்து நின்றது.

சொர்ணம் கொக்கி போட்டுக் கட்டிலை இழுத்தாள். மாவுக்கட்டு கஞ்சியாகக் கரைந்திருந்தது. எலும்பு மறுபடி விலகியிருந்தது.

"சைரன் அடிக்கலியாய்யா?"

"ரேம்ப் மேல நின்னு கார்க்காரன்தான் ஹாரன் அடிச்சான். வழிய விடணுமாம்."

மறுநாள் ஈரப் பஞ்சும் மாவுமாக அந்த மாவுக்கட்டை லவினாவின் மேஜைமேல் வைத்தாள் சொர்ணம்.

"ஆபரேஷன்றாங்க மேடம். வெள்ளத்துல ஆச்சுன்னு எழுதிக் குடுங்க, போதும்."

லவினா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். மேஜையைத் துடைக்க ஆளைக் கூப்பிட்டாள்.

கருவியின் பதிவுப்படி, வியாழக்கிழமை முழுவதும் அந்தத் தெருவில் தண்ணீரின் உயரம் பூஜ்யம்.