நாடாவில் உறிஞ்சிய மூச்சு

நெஞ்சுக்குள் யாரோ மெல்ல விசில் அடிப்பது போலிருந்தது.

திருப்பதி பஸ் வடமாலபேட்டையைத் தாண்டியது. சுலோச்சனா முந்தானையால் வாயைப் பொத்தி இருமலை அடக்கினாள். பக்கத்தில் கணவன் கோவர்த்தனன். அவன் காதில் விழக் கூடாது என்று மூச்சைக்கூடச் சின்னச் சின்னதாக விட்டாள்.

"இட்லி துன்னா பல்லு கேப் கழண்டு வயித்துக்குள்ள போவுமா?" என்றான் அவன், நாலாவது தடவையாக. "அப்பிடி இன்னா இட்லி சுட்ட நீ?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இட்லி பொய்.

நகரியில் வீட்டோடு இரண்டு பவர்லூம். பதினைந்து வருஷமாக நூலைப் பல்லால் கடித்துக் கடித்தே மேல்வரிசையில் ஒரு பல் உடைந்தது. திருப்பதி டாக்டர் ரேஷ்மா வேர் சிகிச்சை செய்து, போன வியாழக்கிழமை கேப் மாட்டினார். உள்ளே உலோகம், மேலே பீங்கான். "இப்ப லேசாத்தான் ஒட்டியிருக்கேன். பத்து நாள் பார்த்துட்டு கெட்டியா ஒட்டறேன். அதுவரைக்கும் தறி வேலை வேணாம்."

டாக்டர் சொன்னால் இவள் கேட்க மாட்டாள் என்று கோவர்த்தனனுக்குத் தெரியும். மறுநாளே காணிப்பாக்கம் கூட்டிப்போய்ப் தறியைத் தொட மாட்டேன் என்று பிள்ளையார் முன்னால் சத்தியம் வாங்கிவிட்டான். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவர்கள் கதி என்ன ஆயிற்று என்று சித்தூர் ஜில்லாவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

இன்று காலை அவன் ஆட்டோ எடுத்துக்கொண்டு போனதும் தறியை ஓட்டினாள். பாவுக்குக் குறுக்கே நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தது. நூல் சுற்றிய புதுத் தார்க்குச்சியைப் போட்டு, நூல் முனையைக் கடித்து அறுத்து, நாடாவின் ஓட்டையில் வாய் வைத்து, பழகின வேகத்தில் ஒரே உறிஞ்சு. நூல் வெளியே வந்தது. நாக்கால் தடவினால் கேப் இல்லை. அப்புறம் பிடித்தது ஒரு இருமல். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினாள். பிறகு தானாகவே அடங்கியது.

விசில் மட்டும் அடங்கவில்லை.

கிளினிக்கில் ரேஷ்மா வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "ஏமம்மா, இட்லியோட முழுங்கினியா? அப்போ இருமல் வந்துச்சா?"

"இல்ல மேடம்."

"மூச்சுத் திணறல்?"

"இல்ல."

"தறியில உட்கார்ந்தியா?"

கோவர்த்தனன் முந்திக்கொண்டான். "காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணியிருக்கா மேடம். பொய் சொல்ல மாட்டா."

"அப்படின்னா வயித்துலதான் இருக்கும். ரெண்டு மூணு நாள்ல தானா வெளிய வந்துடும். இருமல் வந்தா மட்டும் ஒரு நிமிஷம்கூட நிக்காம ஓடி வா. மூச்சுக்குழாய்ல போயிருந்தா நுரையீரல் சீழ் பிடிச்சிடும். ஒரு பக்கம் மூச்சே அடைச்சிக்கும்."

சுலோச்சனா மெல்லத் தலையாட்டினாள். சொன்னால் சத்தியத்தை மீறியது வெளியே வரும். சொல்லாவிட்டால்? பிள்ளையார் தண்டனையை நெஞ்சுக்குள்ளேயே வைத்துவிட்டார் என்று தோன்றியது.

"வா, போவலாம்" என்று அவன் எழுந்தான். அவளும் எழுந்தாள். கதவுவரை போனாள். மூச்சு பாதி உள்ளே போய் நின்றுவிட்டது.

"மேடம்" என்றாள். குரல் கீச்சென்றது. "நான் இட்லி துன்னல. நாடாவுல நூல் உறிஞ்சினேன். ரொம்ப நேரம் இருமினேன்."

கோவர்த்தனன் அவளையே பார்த்தான். கோபம் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "நெஞ்சுக்குள்ளயா?" என்றான். "சுலோ, நெஞ்சுக்குள்ளயா போச்சு?"

ரேஷ்மா அதற்குள் ஸ்டெதாஸ்கோப்பை அவள் முதுகில் வைத்திருந்தார். வலப்பக்கம் கேட்டார், இடப்பக்கம் கேட்டார், மறுபடி வலப்பக்கம். உடனே எக்ஸ்ரே எடுக்கச் சீட்டு எழுதினார். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலுக்குப் போகும் குழாயில் அரிசிப்பொரி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ரேஷ்மாவே கூட வந்தார். வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். மயக்க ஊசி போடுகிற நேரத்தில் அவள் கோவர்த்தனனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"தரணியக் கூட்டியா மாமா. ஒரு தடவ பாத்துக்கினு போறேன்."

"எங்கயும் போவல நீ. பொண்ணு ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள எழுந்துக்குவ. பேசாம படு."

எழுந்தபோது தொண்டை எரிந்தது. மெதுவாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். பயந்து பயந்து இன்னும் கொஞ்சம் இழுத்தாள். சத்தமில்லை. முழுசாக உள்ளே போயிற்று.

ரேஷ்மா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் காட்டினார். அடியில் அந்தக் கேப். "உடையல. கழுவி, இதையே கெட்டியா ஒட்டிடலாமா?"

சுலோச்சனா இரண்டு கையாலும் வாயை இறுக மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம். இன்றைக்கு வேண்டவே வேண்டாம்.