சாய்ந்தது விழுந்ததாகாது

“சாஞ்சிருக்கு. விழல.”

“விழுந்து கிடக்குடி! ஏரிக்கு அந்தப் பக்கத்துலேருந்து பாத்தாக்கூடத் தெரியும்.”

“கிடக்கல. பக்கத்துக் கட்டைமேல தலைய வச்சிருக்கு.”

“தலையணை வச்சுப் படுத்தா அதுக்குப் பேரு தூக்கம் இல்லியா?”

“தூங்குறவன் தூங்கட்டும். எட்டாம் நம்பர் தரையில படணும்.”

ஹில்க்கா புல்லில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்து, எட்டாம் எண் கட்டையின் கீழே ஒரு பிர்ச் இலையை நுழைத்தாள். இலை எங்கும் சிக்காமல் அந்தப் பக்கம் வந்தது. எங்கள் கூட்டத்தில் இலைக்கு மேல் முறையீடு கிடையாது. எஸ்கோ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

“சாஞ்சது விழுந்ததாகாது” என்று தீர்ப்பு வாசித்தாள் ஹில்க்கா, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே.

“வாழ்க நீதிபதி அம்மா” என்றான் எஸ்கோ. அந்த எட்டு மட்டும் விழுந்திருந்தால் அவன் ஐம்பதைத் தொட்டிருப்பான். எண் போட்ட கட்டைகளை ஒரு கட்டையால் எறிந்து வீழ்த்தும் மொல்க்கி ஆட்டத்தில் சரியாக ஐம்பது எடுப்பவரே ஜெயிப்பார். ஒன்று கூடினாலும் இருபத்தைந்துக்கு இறங்கிவிட வேண்டும். ஒரே ஒரு கட்டையை வீழ்த்தினால் அதில் எழுதிய எண் கிடைக்கும். எட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு எஸ்கோ நகர்ந்தான். அடுத்து ஹில்க்கா. அவளுக்கு வேண்டியது ஏழு.

நடுக்கோடைத் திருநாளுக்கு நாங்கள் நால்வரும் ஹில்க்காவின் ஏரிக்கரை வீட்டில்தான் கூடுவோம். ஹில்க்கா, அவள் கணவன் தாவி, எஸ்கோ, நான். காலையில் கரையோரம் விறகை அடுக்கி வைப்போம், புது உருளைக்கிழங்கை வேகவைப்போம், பிறகு கட்டை எறிவோம். ஜெயித்தவர் போட்ட துணியோடு ஏரியில் குதிக்க வேண்டும். அதன்பின் சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பில் ஓர் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, சவுனாவின் கதவில் தன் பெயரைச் சுட்டு எழுதலாம்.

அந்தக் கதவில் என் பெயர் ஒருமுறை இருக்கிறது. தாவியின் பெயர், கடைசி எழுத்து கருகி, இரண்டு முறை. மற்றதெல்லாம் எஸ்கோ, எஸ்கோ, எஸ்கோ. எஸ்கோ யாருக்கும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. தன் அக்கா மகளின் ஐந்தாவது பிறந்தநாளில் நாற்காலியைச் சுற்றி ஓடும் ஆட்டத்தில் அந்தக் குழந்தையையே தோற்கடித்துப் பரிசுப் பென்சிலை வாங்கிக்கொண்டு போனவன் அவன். “விட்டுக்குடுத்தா அது அவமானம். அவளுக்குத்தான்” என்று இன்றும் சொல்வான்.

ஹில்க்காவின் பெயர் மட்டும் கதவில் இல்லை. வீடு அவளுடையது. கதவின் பலகையை அறுத்துப் பொருத்தியதும் அவள்தான். அன்று காலை எதிர்க்கரைக் கிழவர் குவோர்த்தி படகில் வந்து, புகையில் வாட்டிய மீனைக் கொடுத்தார்.

“எஸ்கோ தம்பி இல்லியாம்மா?”

“தூங்குறான். எங்கிட்ட குடுங்க.”

“சரி, அவர் எழுந்ததும் குடுத்துடு. சவுனா கதவு பூரா அவர் பேருதானே; அவர் வீட்ட எப்பவும் நல்லாக் கவனிச்சுக்கிறே நீ.”

ஹில்க்கா மீனை வாங்கி, நன்றி சொல்லி, படகு மறையும்வரை கையசைத்தாள். பிறகு உள்ளே வந்து மூன்று கிலோ உருளைக்கிழங்கைத் தேய்த்துக் கழுவினாள். பாதிக் கிழங்கு தோலோடு போய்விட்டது. “இந்த வருஷம் அவ ஜெயிக்கலேன்னா கதவையே கழட்டி அடுப்புல வச்சிருவா” என்று தாவி என் காதில் சொன்னான். அவன் சிரிக்கவில்லை.

இப்போது அவள் எறிகோட்டருகே நின்றாள். ஏரி அசையாமல் கிடந்தது. கண்ணாடிமேல் யாரோ மேகங்களை வைத்துவிட்டு, எடுக்க மறந்து போய்விட்டதுபோல் இருந்தது.

“உன் பேரு ரொம்ப நீளம் ஹில்க்கா. கதவுல இடம் பத்தாது” என்றான் எஸ்கோ.

“உன் பேரு மேலயே எழுதிக்கிறேன்.”

எறிந்தாள். ஏழு பின்னால் போய்ப் புல்லுக்குள் மறைந்தது. மற்ற கட்டைகள் அப்படியே நின்றன. ஹில்க்கா கூச்சலிட்டுக்கொண்டு ஓடினாள். கட்டைகள் படித்துறைக்குப் போகும் வழியில்தான் நின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு, முகத்தை ஏரிப்பக்கமே நேராக வைத்து ஓடி, சட்டையோடும் செருப்போடும் குதித்தாள். மேகங்கள் உடைந்தன.

முதலில் கட்டையருகே போனது நான். ஏழு படுக்கவில்லை. எறிந்த கட்டையின் மேலேயே தலையை வைத்துச் சாய்ந்திருந்தது. இலை என்ன, பூனைக்குட்டியே அடியில் நுழைந்து போயிருக்கும்.

பாவாடையை விரித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். எஸ்கோ வந்து என்னைப் பார்த்தான். பாவாடையைப் பார்த்தான். குனிந்து பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“வானம் நல்லா இருக்கு” என்றான் எஸ்கோ.

தாவி ஓடிவந்தான். ஒரு பார்வை. உடனே எறிகட்டையை உருவி எடுத்தான், ஏழு பொத்தென்று தரையில் விழுந்தது. “மழை வரும்போல இருக்கே” என்று சொல்லியபடி எல்லாக் கட்டைகளையும் பெட்டிக்குள் அள்ளிப் போட்டான். தலைக்கு மேல் மழை வருவதற்கான மேகமே இல்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஹில்க்கா சொட்டச் சொட்டப் படியேறி வந்தாள்.

“எஸ்கோ?”

“வாழ்த்துகள். அருமையான எறி.”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. “என்னது?”

“அருமையான எறின்னேன்.”

“அவ்வளவுதானா? நீ வேற ஒண்ணும் சொல்லலியா?”

அப்போதுதான் எங்களுக்குத் தப்பு புரிந்தது. எஸ்கோ சண்டை போடாத வெற்றியை இந்த வீட்டில் யார் நம்புவார்கள்? தாவி பெட்டியின் மறைவில் எஸ்கோவின் காலை மிதித்தான்.

“சொல்றேன்!” என்று அலறினான் எஸ்கோ. “உன் காலு! கோட்டைத் தாண்டிச்சு! செல்லாது!”

ஹில்க்காவின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. “தாண்டலடா புளுகா! செருப்புத் தடம் இருக்கு, வந்து பாரு!”

“செருப்பு பெருசு, காலு சின்னது!”

“அப்ப காலு இன்னும் பின்னாலதானே இருந்திருக்கும், மடையா!”

எஸ்கோ ஒரு கணம் உண்மையாகவே யோசித்தான். பிறகு கையை உயர்த்தித் தோல்வியை ஒப்புக்கொண்டான். நான் பார்த்ததிலேயே மோசமான நடிப்பு அது. அந்த நிமிடத்தில் அவன்மேல் எனக்குக் கொஞ்சம் காதல்கூட வந்தது, நல்லவேளையாக உடனே போய்விட்டது.

சவுனா அடுப்பில் கம்பி சிவந்தது. ஈரச் சட்டைக்கு மேல் தாவியின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹில்க்கா கம்பியைத் துணியால் பிடித்துக் கதவின் முன் நின்றாள். எஸ்கோக்களுக்கு நடுவே, கண் மட்டத்தில், ஓர் இடத்தை அவள் முன்பே தேய்த்து வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பல வருடம் தேய்த்த இடம்போல் வழவழவென்று இருந்தது.

கம்பியைத் தூக்கினாள். கதவைத் தொடவில்லை.

“தாவி, நீ ஏன் கட்டைய அவ்வளவு சீக்கிரம் அள்ளினே?”

“மழை...” என்றான் தாவி. வெயில் அவன் கண்ணில் பட்டுக் கூசியது.

“சாய்மா, நீ ஏன் நகராம நின்னே?”

“கால்ல முள்ளு” என்றேன் நான். பூட்ஸ் போட்டிருந்தேன்.

ஹில்க்கா திரும்பவில்லை. அவள் முதுகுதான் எங்களோடு பேசியது.

“ஓடுறப்ப நான் கீழ பாக்கல. வேணும்னேதான் பாக்கல. குதிக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணிக்குள்ள போனதும், பாத்திருக்கணுமேன்னு தோணிடுச்சு.”

கம்பியின் நுனியில் சிவப்பு மெல்ல மங்கத் தொடங்கியிருந்தது. எதிர்க்கரையிலிருந்து குவோர்த்தியின் படகுச் சத்தம் மறுபடி கேட்டது. மீன் கொடுத்த தட்டை வாங்கிப்போக வருகிறார்போல.

“எஸ்கோ, இவங்க ரெண்டு பேரும் எம்மேல பிரியத்துல பொய் சொல்லுவாங்க. நீ சொல்ல மாட்டே. அதுக்குத்தான் உன்னை ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுறேன். கம்பி ஆறுறதுக்குள்ள சொல்லு. இலை விட்டுப் பாத்தியா?”